தண்ணீர் நின்ற உயரம்

முன்பிருந்த அடுக்களையும் மரம்தான்,
பார்வைக்கு.
வண்ணார்பேட்டை ஷோரூமில் தவணைக்கு எடுத்தது.
தேக்கு என்று ஒட்டியிருந்த தாளில்
இரண்டடிக்கு ஒருமுறை
அதே கணு, அதே சுழி,
அதே இடத்தில் வளைகிற அதே ரேகை.
வெங்காயம் உரிக்கும்போது எண்ணியிருக்கிறேன்.
மொத்தம் பதினேழு கணு.
ஒரே கணு.

மார்கழி பிறந்த அன்றைக்கு
சிந்துபூந்துறையில்
ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது.
மொட்டைமாடியில் இரண்டு ராத்திரி.
இறங்கிப் பார்த்தால்
பாலில் போட்ட ரஸ்க் மாதிரி கதவெல்லாம் உப்பி
விரல் வைத்த இடத்தில் குழி விழுந்தது.
தாள் தனியே உரிந்து
வடிவின் காலில் ஒட்டிக்கொண்டது.
உள்ளே மரம் இல்லை.
மரத்தூளும் பசையும்.
கட்ட வேண்டிய தவணை இன்னும் ஒன்பது.

சேற்றை வாரித் தள்ளும்போது
அகப்பட்டது சப்பாத்திப் பலகை.
கழுவி வெயிலில் காட்டினோம்.
சாயங்காலமே அதில் மாவு தேய்த்தாள்.
தேய்த்து முடித்து
அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
எனக்கு பேங்க் ஞாபகம் வந்தது.

செங்கோட்டை டிப்போவில்
தேக்கு எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை.
பலா பார்த்தது.
அறுத்த முகம்
பச்சை மஞ்சளை ஒடித்த மாதிரி இருந்தது.
வடிவு குனிந்து மோந்தாள்.
மீன் வாங்கச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள்
மரக்கடையிலும் அப்படித்தான்.
“வெள்ளையைக் கழிச்சிட்டு வைரத்தை மட்டும் குடுங்க.”
கடைக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்:
“வைரம் கேக்காங்க அண்ணாச்சி, வாங்கிக் குடுங்க.”
பத்தொன்பது வருஷத்தில்
அவள் கேட்ட முதல் வைரம்
குட்டியானையில் கயிறு போட்டுக் கட்டி
ஆலங்குளம் வழியாக வந்து சேர்ந்தது.

வேலைக்கு வந்தவன் சுடலைக்கண்ணு.
ஒரு காதில் பென்சில், இன்னொன்றில் கிரிக்கெட்.
விக்கெட் விழுந்தால் இழைப்புளி நிற்கும்.
சுருள் சுருளாய் விழுந்ததில் இரண்டைப் பொறுக்கி
எதிர்வீட்டுப் பிள்ளை
கம்மலாக மாட்டிக்கொண்டு டியூஷனுக்குப் போனாள்.
பெயிண்ட் வேண்டாம் என்றோம்.
தேன்மெழுகும் எண்ணெயும்
துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க
மஞ்சள் மெல்ல
வறுத்த கடலைப்பருப்பு நிறத்துக்கு இறங்கியது.

சுவரில்தான் அந்தக் கோடு.
மூன்று தடவை வெள்ளையடித்தும்
சேற்று நிறத்தில் மேலே வந்தது,
எனக்கு நெஞ்சு, வடிவுக்குக் கழுத்து.
டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.

“பலகை எந்த உயரத்துலக்கா?”
கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
“இங்கன.”
“ஒங்களுக்கு எட்டுமா?”
“அதுக்கு எட்டிச்சில்லா.”

தண்ணீர் நின்ற இடத்தில்
இப்போது பலா நிற்கிறது.
உப்பு, புளி, மிளகாய்வற்றல்,
நல்லெண்ணெய்த் தூக்கு,
பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டை
எல்லாம் அதற்கு மேலே.
கீழே அம்மி மட்டும்.
அது எங்கேயும் போகாது.

இந்தப் பலகையில் கணு மூன்றே.
ஒன்று ஆந்தை முழிக்கிற மாதிரி.
ஒன்று யாரோ கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி.
மூன்றாவது விண்டிருந்தது.
சுடலைக்கண்ணு அதை அடைத்தான்,
மரத்தூளும் பசையும் வைத்து.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்ததிலிருந்து
இழுப்பறை முரண்டு பிடிக்கிறது.
காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து
அரை நூல் பருத்திருக்கிறது.
வடிவு முழங்காலால் ஒரு தட்டு தட்டி
“தெறக்கியா, இல்லியா?” என்கிறாள்.
யாரிடம் பேசுகிறாள் என்று
முதல் நாள் எழுந்து வந்து பார்த்தேன்.

டிவியில் பாபநாசம் அணை,
நூற்றுமுப்பது அடி, நூற்றுமுப்பத்திரண்டு.
அடுப்பில் பருப்பு பொங்குகிறது.
கரண்டி உள்ளே மாட்டிக்கொண்டது.
ஒரு கை பலகை மேல் அப்படியே இருக்க
முழங்காலால்
இன்னொரு தட்டு.